பின்கட்டில் ஏறிய கப்பல்

அத்தியாயம் 11

போன வாரம் சொர்ணவல்லி தன் அண்ணன் குழந்தைசாமிக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். "இந்த மாசமும் எம் மருமக வீட்டுக்கு விலகிட்டான்னா, மகாராஜா பொறந்த நாள் லீவுல ராசுவை ஒங்க ஊருக்கு அனுப்பி வைக்கிறேன். அன்னைக்கே தாம்பூலத் தட்டோட வந்துருங்கண்ணே" என்றாள். பொன்னமராவதிக்காரரான குழந்தைசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் பஸ் ஏறினார். அவர் மகள் அமிர்தவல்லி, ராசுவுக்கு முறைப்பெண். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லாத ராசுவுக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

ராசுவுக்கு இது தெரியாது. அவன் மனைவி உண்ணாமலைக்கும் தெரியாது.

வாக்குக் கொடுத்தாளே தவிர, சொர்ணவல்லி அண்ணன் பக்கமா மருமகள் பக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தினம் ஒரு கரிக்கோடு போட்டு வந்தாள். உண்ணாமலை மாதவிலக்கு இல்லாமல், சுத்தமாக வீட்டுக்குள் நடமாடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. முப்பதைத் தாண்டியபோது கோடுகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். நாற்பதில் கோகர்ணேசுவரர் கோயிலுக்குப் போய் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாள். நேற்று நாற்பத்திரண்டு. அண்ணனாவது வாக்காவது என்று அவள் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள்.

விடுமுறை நாள் விடிந்தது. சொர்ணவல்லி எழுந்து அடுக்களைக்கு வந்தபோது அடுப்பு மூட்டப்படாமல் கிடந்தது. பின்கட்டில் கிணற்றை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்து, தனிச் செம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உண்ணாமலை.

"அத்தை, நான் விலகி இருக்கேன். இங்கிட்டு வராதீங்க" என்றாள், தலையைக் குனிந்தபடி.

சொர்ணவல்லி அப்படியே பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்திரண்டு நாளாகக் கட்டிய கோட்டை ஒரு வாக்கியத்தில் இடிந்து போயிற்று. உள்ளே போய் ஈரத்துணியை எடுத்து அந்தக் கோடுகளையெல்லாம் அழித்தாள். அழிக்கும்போது அழுகையும் வந்தது.

ராசு சமஸ்தானத்துத் தாசில் கச்சேரியில் குமாஸ்தா. விடுமுறை என்பதால் ஆற அமரப் பல் துலக்கிக்கொண்டு வந்தான். "என்ன ஆத்தா, இன்னைக்கு வடை கிடை உண்டா?"

"வடையும் இல்ல, கிடையும் இல்ல. சட்டையப் போட்டுக்கிட்டு மாமா வீட்டுக்குப் போயிட்டு வா. ஆத்தா வரச் சொன்னுச்சுன்னு சொல்லு. அது போதும், அவருக்குப் புரியும்."

"இந்தக் கரிப்புகை பஸ்ல போயிட்டு வந்தா லீவே போயிரும் ஆத்தா."

"போகட்டும். போ."

அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மேற்கொண்டு பேசவில்லை. யுத்தத்தில் பெட்ரோல் போய்க் கரியில் ஓடத் தொடங்கியிருந்த பஸ், தெருமுனையில் இருமி இருமி நின்று அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. சாயங்காலம் தட்டு வந்துவிடும். சொர்ணவல்லி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதினாள். புகை கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

சோறு வடித்து, இலையில் போட்டுப் பின்கட்டுப் படியில் தள்ளி வைக்கப் போனவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் போனாள். அவளோ சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டிப் போட்டு, தலையணை உயரத்துக்கு ஒரு புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சிரிப்பு வேறு.

"என்ன அது?"

"நாவல் அத்தை. சந்தனமேரி டீச்சரோடது. தெருவுல ஏழு வீடு சுத்தி நேத்துப் பொழுது சாயத்தான் என் கைக்கு வந்துச்சு. டீச்சர் நாளைக் காலைல திருச்சிக்கு மாத்தலாகிப் போறாங்க. ராத்திரிக்குள்ள திருப்பிக் குடுத்துறணும்."

"இந்த மாதிரி நாள்ல ஏட்டைத் தொடலாமாடி?"

"பூசையில வைக்கிற ஏடு இல்லையே அத்தை. அச்சடிச்ச புத்தகம். கடையில விக்கிறது."

என்ன நெஞ்சழுத்தம்! ஒரு வம்சத்தின் தலையெழுத்தே மாறுகிற அன்றைக்கு இவளுக்கு நாவல் கேட்கிறது. சொர்ணவல்லி இலையைப் படியில் வைத்தாள். மோரை நகர்த்திய வேகத்தில் பாதி கொட்டிப் போயிற்று.

விலகி இருப்பவளுக்கு முறைப்படி மாற்றுத் துணி வேண்டும் என்று வண்ணாரத் தெருவுக்கும் சொல்லி அனுப்பினாள். பத்து மணி வாக்கில், அந்தத் தெருவுக்குத் துணி வெளுக்கும் செவந்தி வந்தாள். அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண் எந்த நாளில் விலகி இருக்கிறாள் என்பது செவந்திக்குத் தெரியாமல் நடக்காது. வெளுத்து மடித்த மாற்றுத் துணியைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். வைத்தவள் திரும்பி வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்கட்டிலிருந்து குரல் கேட்டது. உண்ணாமலைதான். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணவல்லி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வடை இல்லை என்று காலையில் சொன்னவள் எதற்கு உளுந்து புடைத்தாள் என்று கேட்காதீர்கள். அந்த முறம், பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு. முறம் ஒரு தட்டுத் தட்டும். பிறகு வெகுநேரம் சும்மா இருக்கும்.

கதையில் நீலாயதாட்சி என்று ஒருத்தி. ரங்கூனுக்குச் சம்பாதிக்கப் போன புருஷனிடமிருந்து கடிதம் நின்று போகிறது. ஊரெல்லாம் அவனுக்கு அங்கே வேறு குடும்பம் என்கிறது. அவள் கழுத்துச் சங்கிலியை விற்றுச் சீட்டு வாங்கி, நாகப்பட்டினத்தில் தன்னந்தனியாகக் கப்பல் ஏறுகிறாள்.

சொர்ணவல்லியின் கை நின்றது. அவள் புருஷன் திருப்பதியும் ரங்கூனில்தான் கடைக் குமாஸ்தாவாக இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஒன்றரை வருஷமாக ஒரு தபால் இல்லை. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அவர் இல்லை. தாலியை மஞ்சள் குறையாமல் வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள்.

"கப்பல்ல ஒத்தைப் பொம்பளையாவா ஏறுனா?" இது செவந்தி.

"ஒத்தையாத்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு செம்பு. அவ்வளவுதான்."

"அவ மாமியா என்ன செஞ்சாளாம்?"

"இரு, அதான் வருது."

அலை மோதும் இடத்தில் உண்ணாமலையின் குரல் தணிந்து, காற்று வீசும் இடத்தில் ஓங்கியது. மாமியார்க்காரி பேசும் இடத்தில் மாமியாராகவே பேசினாள். எட்டாவது வரை படித்தவள் என்று பெண் பார்க்கும்போது சொன்னார்கள். படிப்பு சோறு போடுமா என்று அப்போது சொர்ணவல்லி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். இந்தக் குரலை ஐந்து வருஷமாக வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உப்பு இருக்கா, புளி இருக்கா என்று மட்டும் கேட்டு வந்திருக்கிறோமே என்று இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடேயப்பா, எப்படிப் படிக்கிறாள்! கடலையே பார்த்திராத பெண் கண் முன்னால் கடலைக் கொண்டு வந்து நிறுத்துகிறாள். ஒரு நிமிஷம் தட்டும் மறந்து போயிற்று, அண்ணனும் மறந்து போனார்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு செவந்தி எழுந்து வந்தாள். நேரே சொர்ணவல்லியிடம் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் வச்ச மாத்து, வச்ச மடிப்பு கலையாம இருக்கு. சின்னம்மா அதைத் தலைக்கு வச்சுக்கிட்டுப் படிக்குது. வெளுக்கப் போட வேற துணியும் எதுவும் இல்ல."

"என்னடி சொல்ற?"

"இருவது வருசமா இந்தத் தெருத் துணி என் கையிலதான். எனக்குத் தெரியாதாம்மா? அது விலகி இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கத முடிவு என்னன்னு நாளைக்கு வந்து கேட்டுக்கிறேன்."

செவந்தி போய்விட்டாள். சொர்ணவல்லி முதலில் கோகர்ணேசுவரர் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்படியானால் இன்றைக்கு நாற்பத்து மூன்று! கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அண்ணன் நினைவு வந்தது. ராசு பொன்னமராவதிக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டும் முடித்திருப்பான். அண்ணன் தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருப்பார்.

விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். படியிலேயே நின்றாள்.

"உண்ணாமல. நிமிந்து என்னைப் பாரு. காலைல எங்கிட்ட பொய்யா சொன்ன?"

உண்ணாமலை புத்தகத்தில் ஒரு துடைப்பக் குச்சியை அடையாளமாக வைத்து மூடினாள். அழவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"ஆமா அத்தை. பொய்தான்."

"எதுக்குடி? கேவலம் ஒரு கதைப் புத்தகத்துக்கா?"

"ஒங்க மகனுக்கு மகாராஜா லீவு குடுத்தாரு. அவருக்கு லீவுன்னா எனக்கு அன்னைக்கு வடை, பாயசம், ரெண்டு அடுப்பு. எனக்கு எந்த ராஜா லீவு குடுப்பாரு? மாசத்துல அந்த மூணு நாளுதான் என்னை யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. அதான், இல்லாத நாளை இருக்குன்னு சொன்னேன்."

சொர்ணவல்லிக்கு ஓங்கி ஒரு அறை கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. முப்பது வருஷம் இந்த அடுப்படியில் வெந்தவள் அவள். இப்படி ஒரு யோசனை தனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே!

"அப்ப நாப்பத்திரண்டு நாளு?"

உண்ணாமலை அப்போதுதான் கண்ணைத் தாழ்த்தினாள். "எனக்கும் தெரியும் அத்தை. போன வருசம் அம்பது நாள்ல நீங்க தெருவுக்கே சக்கரை குடுத்தீங்க. மறுவாரம் கலைஞ்சு போச்சு. அப்ப வீடு வீடா வந்து விசாரிச்சாங்க பாருங்க, அது என்னால இன்னொரு தடவ முடியாது. தங்கும்னு தெரியிறவரைக்கும் யாரும் எண்ணாம இருக்கட்டுமே. ஒங்க கரிக்கோட்டை நான் தெனம் பாக்குறேன் அத்தை. பாக்கப் பாக்கப் பயமா இருக்கு."

சொர்ணவல்லி படியில் உட்கார்ந்துவிட்டாள். நல்லது என்று நினைத்துப் போட்ட கோடு ஒவ்வொன்றும் இந்தப் பெண்ணின் நெஞ்சில் விழுந்திருக்கிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்தாடி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கையும், காலையில் ராசுவை அனுப்பியதையும், சாயங்காலம் வரப்போகும் தட்டையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது மருமகளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

கிணற்று ராட்டினத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து போயிற்று.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"ராசுவுக்கா? சத்தியமாத் தெரியாது. அங்க போய்த்தான் தெரிஞ்சிருக்கும்."

"பஸ்சு எப்ப வரும்?"

"அஞ்சு மணிக்கு."

"அப்பன்னா இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு" என்றாள் உண்ணாமலை. குச்சியை எடுத்தாள். "எத்தனை கல்லு தலையில விழுந்தாலும் இன்னைக்கு எனக்கு லீவு அத்தை. விட்ட எடத்துலேர்ந்து படிக்கிறேன். நீங்களும் கதவுக்குப் பின்னால இருந்து கேக்காம இப்படி நேர்ல கேளுங்க."

பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. இவள் அல்லவா பெண்! இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டா இன்னொருத்தியைத் தேடினேன் என்று சொர்ணவல்லி தன்னைத்தானே மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டினால் தட்டு திரும்பிப் போய்விடுமா? கர்ப்பம் என்று சொன்னால் அண்ணன் வாயடைத்துப் போவார்தான். ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்றுதானே இந்தப் பெண் கெஞ்சுகிறாள். விலகியது பொய் என்று சொல்லலாமா என்றால், மருமகள் மானம் ஊர் சிரிக்கப் போய்விடும். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கோ வாக்கு.

யோசித்துக்கொண்டே கதை கேட்டாள். கப்பல் ரங்கூன் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்கிகளும் மூக்குக் கண்ணாடிக்காரர்களும் நிற்கும் கரையில் நீலாயதாட்சி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சொர்ணவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசி அத்தியாயத்துக்கு நாலு பக்கம் இருக்கும்போது தெருமுனையில் பஸ் இருமியது.

"வந்துட்டாங்க அத்தை" என்று புத்தகத்தை மூடப் போனாள் உண்ணாமலை.

அப்போதுதான் சொர்ணவல்லி அந்தக் காரியத்தைச் செய்தாள். படியிலிருந்து எழுந்தாள். முப்பது வருஷமாக ஆசாரம் பார்த்த அந்த அம்மாள், விலகி இருப்பவளின் நிழல் பட்டாலே தண்ணீர் தெளித்துக்கொள்கிறவள், தாழ்வாரத்தில் இறங்கி மருமகளின் பாயில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை!"

"பேசாம இரு. இனி நான் பேசிக்கிறேன்."

வாசலில் குழந்தைசாமியின் குரல் கேட்டது. "சொர்ணம்! எங்க இருக்க?" பட்டுத் துண்டு மூடிய தாம்பாளத்தைக் கையில் ஏந்தி அவர் பின்கட்டுக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ராசு. அவன் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"ஆத்தா, மாமா சொல்றது நெசமா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான் அவன்.

"ஒன்னைய அப்புறம் கேக்குறேன்" என்றாள் சொர்ணவல்லி. "அண்ணே, அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. நான் இவளைத் தொட்டுட்டேன்."

"தொட்டுட்டியா?" குழந்தைசாமி தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஏன் தொட்ட?"

"தலைய சுத்துதுன்னு சாஞ்சுட்டா. பெத்த பொண்ணா இருந்தா விட்ருவேனா? தொட்டதோட இல்ல, அவ பாயிலயே உக்காந்துட்டேன்."

"சரி, போகுது. தலைக்கு ரெண்டு வாளி ஊத்திக்கிட்டு வா. நான் இருக்கேன்."

"நல்லாச் சொன்னீங்க. விளக்கு வைக்கப் போற நேரத்துல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத் தலையோடயா நல்ல காரியத்துக்குத் தட்டு வாங்குவாங்க? எழவு வீட்டுலதான் அப்படி நிப்பாக. ஒங்க மகளுக்கா அந்தச் சகுனம்?"

குழந்தைசாமி தாம்பாளத்தின் பட்டுத் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். எந்த ஆசாரத்தை அவர் தன் வீட்டில் ஒரு நூல் பிசகாமல் நடத்துகிறாரோ, அதைக் கொண்டே தங்கச்சி அவர் தட்டை மறித்துவிட்டாள். சொர்ணவல்லி எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் அந்தச் சமஸ்தானத்தில் எந்த வக்கீலும் இத்தனை சுருக்கில் ஒரு வழக்கைத் தள்ளி வைத்திருக்க மாட்டார்.

ராசு மனைவியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது, சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாவிட்டாலும் அவனுக்கும் மூச்சு வந்தது.

குழந்தைசாமி தாம்பாளத்தை மெல்லக் கூடத்து முக்காலியில் வைத்தார். யோசித்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"மூணு நாளுதான சொர்ணம்? மருமக தலைமுழுகி உள்ள வரட்டும். இருந்து குடுத்துட்டே போறேன்."

சொர்ணவல்லியின் பிடி இறுகியது.

"இங்கயா? வீட்டுல அடுப்புக்கு ஆள் இல்லியேண்ணே. நீங்க எதுக்கு இங்க கெடந்து கஷ்டப்படணும்?"

"எனக்கென்ன கஷ்டம்?" என்றார் குழந்தைசாமி, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "மருமக விலகி உக்காந்துட்டா ஒனக்குச் சோத்துக்கு ஆள் வேணும்ல, அது எனக்குத் தெரியாதா? அமிர்தவல்லியையும் கையோட கூட்டியாந்துட்டேன். வாசல்லதான் பெட்டியோட நிக்கிது." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "அம்மாடி, வலது கால எடுத்து வச்சு வா. நேரா அடுப்படிக்குப் போ."